ஃபான் ஏன் முனகுகிறது?

(குருநகரில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேடைக்கு ஏற முன்னம் ஒலிபெருக்கிக்காரத் தம்பியிடம் ஒரு சின்ன உதவி கேட்டேன். மைக்கைப் போட்டுவிட்டு அரை நிமிடம் ஒருவரும் பேசாமல் இருக்க வேண்டும். முன்வரிசைக்காரருக்குக் கேட்டிருக்கும்: "ம்ம்ம்" என்று ஒரு தாழ்ந்த முனகல். பிறகு அதே பிளக்கைக் கழற்றி, நான் கொண்டுவந்த பழைய இன்வேட்டரில் குத்தச் சொன்னேன். முனகல் தடித்து "ர்ர்ர்" என்று உறுமலாக மாறியது. பங்குத்தந்தை திரும்பிப் பார்த்தார். அதே மைக், அதே ஒலிபெருக்கிப் பெட்டி, அதே 230 வோல்ற், அதே 50 ஹேர்ட்ஸ். மாறியது அலையின் வடிவம் மட்டும். இன்றைய பேச்சு முழுவதும் அந்த "ம்ம்"முக்கும் "ர்ர்"ருக்கும் இடையில் கிடக்கிற விசயம்தான்.

இந்த அறக்கட்டளை யார் நினைவாக வைக்கப்பட்டது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மேடையில் பெயர் சொல்லிப் புகழ வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே ஊர் கூப்பிட்ட மாதிரியே நானும் ரேடியோ மாஸ்ரர் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். அவர் எந்தப் பாடசாலையிலும் படிப்பித்தவர் அல்லர். ஆனால் கடற்கரை வீதிப் பக்கம் வானொலி திருத்தப் பழகிய முக்கால்வாசிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றுபோனது. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பின்வரிசைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த விளக்கில் படித்தோம். ரோர்ச் பற்றறி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து நாலு டயோட்டு வழியாக வானொலிக்கு மின் போகும். பிபிசி தமிழோசை முடியும் வரைக்கும் சுற்றுகிறவர் கை மாறிக்கொண்டே இருக்கும்.

மாஸ்ரர் அந்தக் காலத்தில் செய்த பெட்டிதான் இந்த மேசையில் இருக்கும் பழைய இன்வேட்டர். லொறியொன்றின் 12 வோல்ற் பற்றறி, இரண்டு 2என்3055 ரான்சிஸ்ரர், அவரே கையால் சுற்றிய ஒரு ரான்ஸ்ஃபோமர். இரண்டு ரான்சிஸ்ரரும் கயிறிழுப்பது மாதிரி: ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், மற்றது ஓயும், பிறகு மற்றது இழுக்கும், இது ஓயும். செக்கனுக்கு 50 தடவை அந்தச் சுற்று. மறுபக்கத்தில் 230 வோல்ற் வரும். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் ஊரே இடம்பெயர்ந்து நடந்து போனபோது அவர் பற்றறியை விட்டுவிட்டு ரான்ஸ்ஃபோமரைத்தான் தோளில் வைத்துக்கொண்டு போனாராம். "பற்றறி எங்கையும் கிடைக்கும். இதைச் சுத்த எனக்கு ஒன்பது நாள் எடுத்தது" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இந்தப் பெட்டியை ஒருமுறை கல்யாண வீடொன்றுக்குக் கொண்டுபோய் ஃபான் ஓட்டினார்கள். அடுத்த நாள் வீட்டுக்காரர் வந்து சொன்ன வசனம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "ஃபான் சுத்துது மாஸ்ரர், ஆனா அழுகுது." மாஸ்ரர் சிரித்துவிட்டு, "அது சதுரத்தைத் தின்னுது, அதுதான் வயிறு குத்துது" என்றார். அன்றைக்கு அது எனக்குப் பகிடியாகத்தான் பட்டது. அது எவ்வளவு சரியான விளக்கம் என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

லக்சபானவிலோ சுன்னாகத்திலோ சுழலும் பெரிய மின்பிறப்பாக்கி தருவது வழுவழுப்பான சைன் அலை. மெதுவாக ஏறும், உச்சியில் சற்றே தயங்கும், மெதுவாக இறங்கும். மாஸ்ரரின் பெட்டி தருவது சதுர அலை. ஏறுகிறதும் தெரியாது, இறங்குகிறதும் தெரியாது. திடீரென்று மேலே, திடீரென்று கீழே. ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று எழுதிய நூல் 1822 இல் வந்தது. மீண்டும் மீண்டும் வரும் எந்த அலையையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பது அவருடைய வாதம். அதற்கு முந்திய 1807ஆம் ஆண்டுக் கட்டுரையை லக்ராஞ் போன்ற பெரிய கணித மேதையே ஏற்கவில்லை. மூலையுள்ள ஒன்றை வளைவுகளால் எப்படிக் கட்டுவது என்பது அவருடைய சங்கடம். கடலில் நிற்பவனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. சோளகத்தில் வரும் பெரிய அலையின் முதுகில் சின்ன அலை ஏறியிருக்கும், அதன் முதுகில் காற்றுச் சுருக்கம் இருக்கும். வள்ளத்தை ஆட்டுவது அத்தனையின் கூட்டும்தான்.

சதுர அலையை அப்படிப் பிரித்தால் 50 ஹேர்ட்ஸ் அடிப்படை அலையோடு கூட 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் வரிசையாக நிற்கும். இவற்றைத்தான் ஹார்மோனிக் என்கிறோம். உயர்தரத்தில் மேற்றொனி என்று கம்பி அதிர்விலே படித்தீர்களே, அதே சங்கதி. சதுர அலையில் 3ஆவது, அடிப்படையின் மூன்றில் ஒன்று. 5ஆவது ஐந்தில் ஒன்று. 7ஆவது ஏழில் ஒன்று. இந்தத் தேவையில்லாத கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அடிப்படையோடு ஒப்பிட்டால் 48.3 சதவீதம். மொத்த ஹார்மோனிக் திரிபு என்பது அந்த எண்தான். நல்ல வீட்டு மின்சாரத்தின் வோல்ற்றளவில் அது 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.ஈ.ஈ.ஈ. 519 என்ற நியமம் சொல்கிறது.

ஃபான் அழுவதற்குக் காரணம் இதுதான். சைன் அலையில் ஓடினாலும் மோட்டருக்குள் 100 ஹேர்ட்ஸ் துடிப்பு உண்டு. அது மெல்லிய "ம்ம்". 150உம் 250உம் உள்ளே வந்தால் அவை 50 உடன் சேர்ந்து 200 இலும் 300 இலும் துடிப்பை உண்டாக்குகின்றன. நம் காது 100 ஐவிட அவற்றை நன்றாகக் கேட்கும். ஒலியோடு நின்றால் பரவாயில்லை. ஹார்மோனிக் மின்னோட்டம் ஃபானைத் தள்ளுவதில்லை; சுருளையும் இரும்பையும் சூடாக்குவதோடு சரி. ஃபானிலுள்ள கொள்ளளவியின் கதை இன்னும் மோசம். மீடிறன் கூடக் கூடக் கொள்ளளவி கூடுதலாக மின்னை இழுக்கும். 3ஆவது மூன்றில் ஒன்றுதான், ஆனால் மூன்று மடங்கு இலகுவாக உள்ளே போகும். 5ஆவது ஐந்தில் ஒன்று, ஐந்து மடங்கு இலகு. ஆக, சதுர அலையோடு ஒரு கொள்ளளவியை நேரே தொடுத்தால் ஒவ்வொரு ஹார்மோனிக்கும் அடிப்படைக்குச் சமமான மின்னோட்டத்தை அதற்குள் திணிக்கும். ஃபானில் கொள்ளளவியோடு தொடராகச் சுருளும் இருப்பதால் அவ்வளவு கொடுமை நடப்பதில்லை. இருந்தாலும் இன்வேட்டர் வீடுகளில் ஃபான் கொள்ளளவி அடிக்கடி வீங்குவது ஏன் என்று திருத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஐஸ் தொழிற்சாலைகளில் ஓடும் மும்முனை மோட்டர்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. அங்கே 5ஆவது ஹார்மோனிக் மோட்டரைப் பின்பக்கமாகச் சுற்றப் பார்க்கும், 7ஆவது முன்பக்கமாகச் சுற்றப் பார்க்கும். ஒரே தண்டை இரண்டு பேர் எதிரெதிராகத் திருகினால் சூடுதான் மிச்சம்.

இனி ஒரு மனக்குறை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. அப்போது ஊரெல்லாம் இன்வேட்டர் வாங்கினார்கள். மலிவான பெட்டிகளில் "மொடிஃபைட் சைன் வேவ்" என்று அழகாக எழுதியிருந்தது. திருத்தப்பட்ட சைன் அலை! பெயரைக் கேட்டால் சைன் அலையில் ஒரு சிறு திருத்தம் போல இருக்கிறது. உள்ளே இருப்பது சதுர அலையின் நடுவில் ஓர் இடைவெளி விட்ட கதைதான். அரைச் சுற்றுக்கு 10 மில்லிசெக்கன். அதில் 5 மில்லிசெக்கன் 325 வோல்ற். மிச்சம் 5 மில்லிசெக்கன் பூச்சியம். ஏன் அப்படி? உண்மையான சைன் மின்சாரத்தின் உச்சம் 325, இடைவர்க்கமூலப் பெறுமானம் 230. பாதி நேரம் 325 கொடுத்தால் இந்த இரண்டு எண்ணும் பொருந்திவிடும். பல்பும் எரியும், சார்ஜரும் நிரம்பும்.

ஆனால் ஹார்மோனிக்? கணக்கைப் போட்டுப் பாருங்கள், க.பொ.த. உயர்தர மாணவர் ஒருவரே போடலாம். 3ஆவது மூன்றில் ஒன்று, 5ஆவது ஐந்தில் ஒன்று, 7ஆவது ஏழில் ஒன்று. குறிகள் மாறுகின்றனவே தவிர அளவுகள் மாறவில்லை. மொத்தத் திரிபு அதே 48.3 சதவீதம். மாஸ்ரர் 1990களில் இரண்டு ரான்சிஸ்ரரில் செய்த சதுரத்துக்கும், கடையில் மினுமினுத்த பெட்டிக்கும் இந்த விசயத்தில் ஒரு புள்ளி வித்தியாசமும் கிடையாது. எனக்கு இதில் கோபம் வருவது உண்டு. மாஸ்ரர் தன் பெட்டியைச் சதுரம் என்றுதான் சொன்னார்.

துடிப்பை 5 மில்லிசெக்கனுக்குப் பதிலாக 6.67 மில்லிசெக்கன் ஆக்கினால் ஓர் அதிசயம் நடக்கும். 3ஆவது ஹார்மோனிக் முழுவதுமாக மறைந்துவிடும், 9ஆவதும் அதோடு போகும். திரிபு 31 சதவீதத்துக்கு இறங்கும். பெட்டி செய்கிறவர் அப்படிச் செய்யாததற்கும் ஒரு நியாயம் இருக்கிறது: 230 ஐ வைத்துக்கொண்டால் உச்சம் 282 வோல்ற்றுக்கு இறங்கிவிடும், உச்சத்தைப் பார்த்து நிரம்பும் ரிவிக்கும் சார்ஜருக்கும் அது குறைவு. என்றாலும் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இங்கேதான் இருக்கிறது. துடிப்பின் உயரத்தைத் தொடாமல், அகலத்தை மட்டும் மாற்றி, ஒரு ஹார்மோனிக்கை இல்லாமலாக்க முடிகிறது. இன்னொரு வெட்டுப் போட்டால்? இன்னொன்று போகும். 1973 இல் பட்டேல், ஹொஃப்ட் என்ற இருவர் இதை முறையாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கால் சுற்றில் ஐந்து இடத்தில் வெட்டினால், ஒரு வெட்டு அடிப்படை அலையின் அளவைப் பார்த்துக்கொள்ளும், மற்ற நாலும் ஆளுக்கொரு ஹார்மோனிக்கைக் கொல்லும். மெதுவாக மட்டுமே சுவிச்சு போடக்கூடிய மிகப் பெரிய இன்வேட்டர்களுக்கு இது நல்ல வழி.

வீட்டுப் பெட்டிக்கு வந்த வழி வேறு. அதை விளங்கிக்கொள்ளப் பரவைக் கடலுக்குப் போவோம். ஆழமில்லாத இடத்தில் கோல் ஊன்றி வள்ளம் தள்ளுகிறவரைப் பாருங்கள். அவர் தொடர்ந்து தள்ளுவதில்லை. ஒரு தள்ளு, ஓர் ஓய்வு, ஒரு தள்ளு, ஓர் ஓய்வு. வள்ளத்துக்குப் பாரம் இருப்பதால் அது குலுங்காமல் போகும். வேகம் வேண்டுமென்றால் தள்ளும் நேரத்தைக் கூட்டுவார், மெதுவாகப் போக வேண்டுமென்றால் குறைப்பார். இன்வேட்டரில் கோல் ஊன்றுவது மொஸ்ஃபெற் என்ற சுவிச்சு. வள்ளத்தின் பாரம் போல இருப்பது தூண்டற்சுருள். செக்கனுக்கு 20,000 தள்ளு என்று வைத்துக்கொண்டால் 50 ஹேர்ட்ஸின் ஒரு சுற்றுக்குள் 400 தள்ளு விழும். சைன் அலை பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது தள்ளு மெலிந்திருக்கும், உச்சிக்குப் போகப் போகத் தடிக்கும், பிறகு மெலியும். துடிப்பகலப் பண்பேற்றம், சுருக்கமாகப் பீ.டபிள்யூ.எம்., இவ்வளவுதான்.

எந்தத் தள்ளு எவ்வளவு அகலம் என்று எப்படித் தீர்மானிப்பது? ஒரு முக்கோண அலையை வேகமாக ஓடவிட்டு, அதன் மேல் நமக்கு வேண்டிய சைன் அலையை வைத்து, சைன் மேலே நிற்கும் நேரமெல்லாம் சுவிச்சைப் போடு, கீழே போனால் நிறுத்து. சுவிற்சர்லாந்தின் பிறவுண் பொவேரி நிறுவனத்தில் ஷோனுங், ஸ்ரெம்லர் என்ற இருவர் 1964 இல் இதை மோட்டர் ஓட்டுவதற்காக எழுதினார்கள். அப்போதிருந்த சுவிச்சுகளால் செக்கனுக்கு 20,000 தடவை முடியாது. அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் ஒருவர் ஜெயந்த் பாலிகா. 1948 இல் சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.ரி.யில் 1969 இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் ஆய்வுகூடத்தில் ஐ.ஜி.பீ.ரி. என்ற சுவிச்சை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 2024 இல் பின்லாந்தின் மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. சென்னை என்றதும் "நம்மவரோ" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. தேநீர் நேரத்தில் பேசுவோம்.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வந்துவிட்டேன். பீ.டபிள்யூ.எம். ஹார்மோனிக்கைக் குறைக்கிறது என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. சுவிச்சிலிருந்து வெளியே வரும் கம்பியில், வடிகட்டிக்கு முன்னால், அளந்து பாருங்கள். இரு முனைக்கும் மாறிமாறி அடிக்கும் எளிய முறையில், சைனின் உயரம் முக்கோணத்தின் 0.8 பங்கு என்றால், திரிபு கிட்டத்தட்ட 146 சதவீதம். சதுர அலையின் மூன்று மடங்கு! 20 கிலோ ஹேர்ட்ஸில் நிற்கும் ஒரே ஒரு அலை மட்டும் நமக்கு வேண்டிய 50 ஹேர்ட்ஸை விடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். குப்பை குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆனால் அது 150 இலும் 250 இலும் இல்லை. 20,000க்குப் பக்கத்திலும் 40,000க்குப் பக்கத்திலும் போய்க் குவிந்திருக்கிறது. பீ.டபிள்யூ.எம். செய்வது குப்பையை வேறு இடத்துக்குத் துரத்துவது.

துரத்தினால் என்ன இலாபம் என்று வலைக்காரரைக் கேளுங்கள். இந்தக் குருநகரில் வலைத் தொழிற்சாலை இருக்கிறது. கண் அளவு என்ன செய்யும் என்று நான் யாருக்கும் படிப்பிக்க வேண்டியதில்லை. நெத்தலியையும் சூடையையும் ஒரே வலையால் பிரி என்றால் திண்டாட்டம். இரண்டும் அளவில் கிட்டத்தட்ட ஒன்று. எந்தக் கண் போட்டாலும் இதில் கொஞ்சம் போகும், அதில் கொஞ்சம் நிற்கும். நெத்தலியையும் சுறாவையும் பிரி என்றால் எந்த வலையும் செய்யும். 50 உம் 150 உம் நெத்தலியும் சூடையும் போல. 50 உம் 20,000 உம் நெத்தலியும் சுறாவும்.

எண்ணாகச் சொன்னால், 1 மில்லி ஹென்றித் தூண்டற்சுருளும் 10 மைக்ரோபரட் கொள்ளளவியும் போதும். சுருள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும், கொள்ளளவி தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. இவை இரண்டும் சேர்ந்த வடிகட்டியின் எல்லை 1,590 ஹேர்ட்ஸ் அளவில் நிற்கும். 50 ஹேர்ட்ஸ் அதைத் தெரியாமலே தாண்டிப் போகும். 20 கிலோ ஹேர்ட்ஸ் நூற்றைம்பதில் ஒரு பங்குக்கும் கீழே ஒடுங்கிவிடும். இதே வேலையைச் சதுர அலைக்குச் செய்ய எல்லையை 75 ஹேர்ட்ஸுக்கு இறக்கிப் பார்த்தால், சுருளையும் கொள்ளளவியையும் தனித்தனியே 21 மடங்கு பெருப்பிக்க வேண்டும். அவ்வளவு செலவழித்தும் 3ஆவது ஹார்மோனிக் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் இறங்கும், 50 ஹேர்ட்ஸோ சுமையில்லாத நேரத்தில் 1.8 மடங்கு ஏறி நிற்கும். மாஸ்ரர் ஒருமுறை இதை முயன்றார். 230க்குப் பதிலாக 400 வோல்ற்றுக்கு மேல் வந்து ஒரு பல்பு வெடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு சின்ன விநோதத்தையும் சொல்லிவிடுகிறேன். மும்முனை இன்வேட்டர்களில் வேண்டுமென்றே 3ஆவது ஹார்மோனிக்கை ஆறில் ஒரு பங்கு கலப்பது உண்டு. அது சைன் அலையின் உச்சியைத் தட்டையாக்கும். அதனால் அதே பற்றறி வோல்ற்றில் 15 சதவீதம் கூடுதலாகப் பிழிந்தெடுக்கலாம். கலந்த 3ஆவது எங்கே போகிறது? மூன்று கம்பியிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏறி இறங்குவதால் கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் தெரியாமலே போய்விடும். எதிரியைக் கூலிக்குப் பிடித்த மாதிரி.

பீ.டபிள்யூ.எம். இன் நோய்களுக்கு வருவோம். இன்வேட்டருக்குள் மேல் சுவிச்சையும் கீழ் சுவிச்சையும் ஒரே நேரத்தில் போட்டால் பற்றறி நேரே குறுஞ்சுற்றாகி இரண்டும் கருகும். அதனால் ஒன்றை நிறுத்தி மற்றதைப் போடும் முன் ஒரு மைக்ரோசெக்கன், இரண்டு மைக்ரோசெக்கன் இடைவெளி விடுவார்கள். 50 மைக்ரோசெக்கனில் ஒரு மைக்ரோசெக்கன் என்றால் 2 சதவீதம். அந்த இடைவெளி மின்னோட்டத்தின் திசையைப் பார்த்து அலையை ஒருபக்கமாக இழுப்பதால், துரத்திவிட்ட 3உம் 5உம் 7உம் பின்கதவால் திரும்பி வருகின்றன. நல்ல பெட்டி இதைக் கணக்கிட்டு ஈடு செய்யும்.

குருநகருக்கே உரிய நோய் உப்புக்காற்று. கடந்த மாரியில் ஜெட்டிப் பக்கத்து வீடொன்றிலிருந்து கூப்பிட்டார்கள். பியூர் சைன் இன்வேட்டர், வாங்கி மூன்று வருடம். ஃபான் நன்றாகச் சுற்றுகிறது, பிறிட்ஜ் ஓடுகிறது. ஆனால் ரிவியின் பவர் பெட்டி இரண்டு முறை போய்விட்டது, அம்மாவின் சின்ன வானொலியில் இரவில் ஒரு நிலையமும் எடுக்கவில்லை, எங்கே திருப்பினாலும் இரைச்சல். "வானொலி பழுது தம்பி, எடுத்துப் போய்த் திருத்திக்கொண்டு வா" என்றார் அம்மா. வானொலியைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். திருச்சி வானொலி தெளிவாகக் கேட்டது. உள்ளே வந்தேன், இரைச்சல். இன்வேட்டருக்குக் கிட்டப் போகப் போக இரைச்சல் ஏறியது.

பெட்டியைத் திறந்தேன். அந்த 10 மைக்ரோபரட் கொள்ளளவியின் ஒரு கால் பச்சையாகப் பூத்து, பலகையிலிருந்து விட்டு நின்றது. தொட்டதும் ஆடியது. வடிகட்டியின் பாதி இல்லை. 20 கிலோ ஹேர்ட்ஸ் அப்படியே வீட்டு வயர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஃபானுக்கும் பிறிட்ஜுக்கும் சொந்தச் சுருள் இருப்பதால் அவை தாமாகவே வடிகட்டிக்கொண்டன. ரிவியிடம் அது இல்லை. வீட்டு வயர் ஒரு நீண்ட அன்ரெனா. பியூர் சைன் என்று வெளியில் எழுதியது பொய்யில்லை. மூன்று வருடத்துக்கு முன் அது உண்மை. கால் தேய்ந்ததும் சுறா வலைக்குள்ளால் போய்விட்டது. புதுக் கொள்ளளவி போட்டு, பலகைக்கு வார்னிஷ் பூசி மூடினேன். வானொலியை அம்மாவிடம் கொடுத்தபோது "நல்லாத் திருத்தியிருக்கிறாய்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

சுமையும் சும்மா இருப்பதில்லை. எல்.ஈ.டி. பல்பு, போன் சார்ஜர், கணினி எல்லாம் அலையின் உச்சியில் மட்டும் வாய் வைத்து உறிஞ்சுகின்றன. எவ்வளவு நல்ல சைன் கொடுத்தாலும் அவை இழுக்கும் மின்னோட்டத்தில் 3ஆவது நிறைய இருக்கும். மும்முனை இணைப்புள்ள கட்டடங்களில் மூன்று கம்பியின் 3ஆவதும் ரத்தாகாமல் நடுநிலைக் கம்பியில் கூடிவிடும். கம்பி மின்னோட்டத்தின் 1.73 மடங்கு வரைகூட அது போகும். நடுநிலைக்கு மெல்லிய வயர் போடும் பழைய பழக்கத்தை வயரிங் செய்கிறவர்கள் விட்டுவிடுவது நல்லது.

கூரைச் சோலார் வந்த பிறகு இன்வேட்டர் நம் வீட்டு விவகாரமாக மட்டும் இல்லை. 2016 இல் சூரியபல சங்கிராமம் என்ற திட்டம் வந்ததிலிருந்து கூரைகள் மின்சாரசபைக்கு மின் விற்கத் தொடங்கின. வலைப்பின்னலோடு இணையும் இன்வேட்டரின் மின்னோட்டத் திரிபு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச வரம்பு. நல்ல வெயிலில் பெட்டிகள் அதைத் தாண்டுவதில்லை. காலை ஆறரைக்கும் மழை இருட்டிலும் பாருங்கள்: வெளியே போகும் மின்னோட்டம் சொற்பம், இடைவெளியால் வரும் குப்பையோ கிட்டத்தட்ட அதே அளவு. சதவீதம் ஏறிவிடும். ஒரே லைனில் பல பெட்டிகள் நின்றால் அவற்றின் வடிகட்டிக் கொள்ளளவிகளும் லைனின் சுருள்தன்மையும் சேர்ந்து எங்கோ ஒரு மீடிறனில் ஒத்திசைந்து தாமாகப் பாடத் தொடங்கும். ஒழுங்கையில் பத்து வீட்டுக்குச் சோலார் போடுகிறவர் ஒரு வீட்டின் பத்திரத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் வெயிலில் இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு என்றார்கள், சிரித்தோம். அது ஹார்மோனிக்கால் வந்ததல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு தேவை குறைவு, சோலார் நிறைய, சுழலும் கனத்த மின்பிறப்பாக்கிகள் கொஞ்சம். ஒரு தட்டுத் தட்டியபோது தாங்கிப் பிடிக்கப் பாரம் போதவில்லை. அதனால்தான் அந்த ஏப்ரல் புதுவருட விடுமுறையில், 13 முதல் 21 வரை, பகல் மூன்று மணிவரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சாரசபை கேட்டது. நமது இன்வேட்டர்கள் வலைப்பின்னலின் அலையைப் பார்த்து அதற்கு ஒத்து ஊதுகின்றன. ஒத்துக்காரர் கூடி, நாதஸ்வரக்காரர் குறைந்தால் கச்சேரி அந்தரத்தில் நிற்கும்.

தீவுகளில் அந்த நாதஸ்வரத்தையே இன்வேட்டர் வாசிக்க வேண்டிவரும். எழுவைதீவில் காற்று, சூரியன், பற்றறி, டீசல் நாலும் சேர்ந்த மின்தொகுதி ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு முன்பே வந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் 1,700 கிலோவாற் சூரியனும் 530 கிலோவாற் காற்றும் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. டீசல் இயந்திரம் ஓய்ந்திருக்கும் மத்தியான நேரத்தில் அங்கே சைன் அலை எங்கிருந்து வரும்? லக்சபானவிலிருந்து இல்லை. கிளிநொச்சியூடாகச் சுன்னாகத்துக்கு வரும் 132 கிலோவோல்ற் லைனிலிருந்தும் இல்லை. பற்றறிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு அலுமாரிக்குள், தள்ளு தள்ளாக வெட்டி, அங்கேயே செய்ய வேண்டும். அந்தத் தீவின் ஒவ்வொரு ஃபானும் அந்த அலுமாரியின் வடிகட்டியை நம்பித்தான் சுற்றும். அங்கே கடல் இன்னும் கிட்ட, உப்பு இன்னும் கூட. பராமரிப்புக்குப் போகிற பிள்ளைகள் அலைகாட்டியோடு ஒரு சின்ன மத்திய அலை வானொலியையும் பையில் போட்டுக்கொண்டு போனால் நல்லது. அதைப்போல மலிவான ஹார்மோனிக் உணரி வேறு கிடையாது.

என் நேரம் முடிந்துவிட்டது. வாசலுக்குப் பக்கத்து மேசையில் மூன்று பெட்டி வைக்கிறேன்: மாஸ்ரரின் 2என்3055, கடையில் வாங்கிய ஒரு மொடிஃபைட், ஒரு பியூர் சைன். மூன்றுக்கும் நடுவில் அலைகாட்டியும் ஒரு மேசை ஃபானும் இருக்கும். தேநீர் எடுத்தபின் வந்து பாருங்கள், காதையும் கொண்டு வாருங்கள். முதலில் மாஸ்ரரின் பெட்டியைப் போடுவோம். பற்றறி பழையது, அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது.